நாட்களை மட்டும் எண்ணினா போதுமா?
மாற்றுத்திறனாளி பசங்க ஹோமுக்கு (காப்பகத்துக்கு) போகாம வீட்லயே இருந்தா தான், உதவிக்கு முதல் போட்ட முதலீட்டாளருக்கு அரசு பணம் கொடுக்கும்ங்கற இங்கிலாந்து திட்டத்தை பாராட்டி எழுதியிருக்கீங்க, நோக்கம் நல்லது தான். அங்கயே எசெக்ஸ் மாவட்டத்துல, ஹோமுக்கு போற நிலைமையில இருந்த 11-17 வயசு பிள்ளைங்களுக்கு இதே மாதிரி செஞ்சப்போ, ஹோமுக்கு போகாம மிச்சமான நாட்களை எண்ணி முதலீட்டாளருக்கு பணம் கொடுத்தாங்க.

நான் தென்னாப்பிரிக்காவுல டர்பன் சாட்ஸ்வர்த்ல இருக்கேன், எங்க அக்கா மகனுக்கு 19 வயசு, பேச்சு வராது, ராத்திரி ரெண்டு மூணு தடவை திருப்பி படுக்க வைக்கணும், அக்கா இடுப்புல பெல்ட் கட்டிக்கிட்டு தான் அவனை தூக்குறா. கணக்குப்படி அவன் வீட்லதான் இருக்கான், ஆனா அவ உடம்பு போச்சே அதை யாரு எண்றது? இங்க 18 ஆனதும் கேர் டிபென்டன்சி கிராண்ட் (மாற்றுத்திறனாளி பிள்ளைய பாத்துக்கறவங்களுக்கு அரசு தர்ற உதவித்தொகை) நின்னுடும், பெரியவங்களுக்கான டிசெபிலிட்டி கிராண்ட்டுக்கு புதுசா அப்ளை பண்ணணும். அம்மா தூங்கின ராத்திரியையும் சேர்த்து எண்ணுங்க, வாரத்துல ரெண்டு நாளாவது ஆள் வந்து பாத்துக்க காசை முன்னாடியே கொடுங்க.