யூத மதகுருக்கள் தெரிந்தே மறைத்தார்களா?

ஹிட்லரின் நாஜி ஆட்சி யூதர்களைக் கொன்று குவித்ததைப் பற்றி, "இனப்படுகொலை வரப்போவது யூத ரபிகளுக்கு (மதகுருக்களுக்கு) முன்பே தெரியும், மக்களிடம் மறைத்துவிட்டார்கள்" என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. தவறு.

ஆபத்தை உணர்ந்தவர்கள் இருந்தார்கள், சரி. ஆனால் முதல் கொலை முகாமான கெல்ம்னோ இயங்கத் தொடங்கியதே 1941 டிசம்பரில்தான். அதை ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-லேயே யார் ஊகிக்க முடியும்?

பெர்லின் ரபி லியோ பெக்கைப் பாருங்கள். ஜெர்மானிய யூதர் அமைப்பின் தலைவராக, மற்றவர்கள் வெளியேற உதவினார். தான் மட்டும் போகவில்லை; 1943-இல் அவரையும் தெரேசியன்ஸ்டாட் என்ற நாஜி முகாமுக்குக் கொண்டுபோனார்கள்.

தப்ப முயன்ற பலருக்கும் கதவு திறக்கவில்லை. 1939-இல் செயின்ட் லூயிஸ் கப்பல் 900-க்கும் மேற்பட்ட யூத அகதிகளோடு கியூபாவின் ஹவானா வரை போனது. பெரும்பாலோரை இறங்க விடாததால் ஐரோப்பாவுக்கே திரும்பியது.

இஸ்ரேலில் உள்ள இனப்படுகொலை நினைவகமான யாத் வஷேமின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். கொல்லப்பட்டவர்கள் மீதே பழி போடும் இந்தச் செய்தியைத் தயவுசெய்து இனி அனுப்பாதீர்கள்.