கொள்ளை போனவர்களே கட்டிய நஷ்டஈடு

கரீபியக் கடலில் இருக்கும் ஹைட்டி என்றாலே நமக்கு நிலநடுக்கம், துப்பாக்கிக் கும்பல், பட்டினி. அடிமைகளாக இருந்தவர்கள் தாங்களே போரிட்டு உருவாக்கிய நாடு அது என்பது அநேகம் பேருக்கு நினைவுக்கு வருவதில்லை. "சுதந்திரம் வாங்கி இருநூறு வருடம் ஆகிவிட்டது, இன்னும் வெள்ளைக்காரன் மேலேயே பழி போட்டுக்கொண்டிருக்கலாமா?" என்று நன்றாகப் படித்தவர்களே கேட்கிறார்கள். எனக்கு ஆத்திரம் வருகிறது. அந்த இருநூறு வருடத்தில் 122 வருடம் அந்த நாடு தன் விடுதலைக்கான விலையைக் கட்டிக்கொண்டிருந்தது. கட்டியது யாருக்கு? தங்களை அடிமையாக வைத்திருந்தவர்களுக்கும், அவர்களுக்குக் கொடுப்பதற்காகக் கடன் தந்த வங்கிகளுக்கும்.

சான் டொமாங் என்ற பெயரில் அந்த நிலம் பிரான்சின் கையில் இருந்தபோது, ஐரோப்பாவின் சர்க்கரையில் ஏறத்தாழ 40 சதவீதமும் காபியில் பாதிக்கு மேலும் அங்கிருந்து போனது. 1789 வாக்கில் அங்கே சுமார் 5 லட்சம் அடிமைகள் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அங்கே பிறந்தவர்கள் அல்லர், ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவந்து இறக்கப்பட்டவர்கள். வேலை வாங்கியே சாகடித்துவிட்டு அடுத்த கப்பலில் புதிய ஆளை வாங்குவது தோட்ட முதலாளிக்குக் கட்டுப்படியானது.

அந்தக் காலத்துக் கரீபியன் கரும்பாலை ஒன்றை மனக்கண்ணில் கொண்டுவந்து பாருங்கள். உருளைகளுக்கு நடுவே கரும்பைக் கொடுக்கும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. அறுவடைக் காலத்தில் ஆலை இரவும் பகலும் ஓடும். தூக்கக் கலக்கத்தில் விரல் நுனி சிக்கினால் கை முழுவதையும் உருளை இழுத்துக்கொள்ளும். அதற்காகவே பக்கத்தில் கூரான வெட்டுக்கருவி ஒன்றைத் தயாராக வைத்திருப்பார்கள். கையை வெட்டிவிட்டு ஆளைப் பிடித்து இழுப்பார்கள்.

தப்பியோடிப் பிடிபட்டவரை என்ன செய்வது என்பதற்கு 1685இல் பதினான்காம் லூயி பிறப்பித்த 'கறுப்பர் சட்டம்' இருந்தது. முதல் முறை காதுகளை அறுத்து ஒரு தோளில் சூடு போட வேண்டும். இரண்டாம் முறை காலின் பின்நரம்பை வெட்டி மறு தோளில் சூடு. மூன்றாம் முறை மரணம். அடிமை என்பவர் அசையும் சொத்து என்று எழுதி வைத்ததும் இதே சட்டம்தான்.

1791 ஆகஸ்டில் அந்த மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 1794இல் பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்தது; பழையபடி அவர்களை அடக்குவதற்கு நெப்போலியன் அனுப்பிய பெரும்படை 1802இல் வந்து இறங்கியது. தலைவர் டூசான் லூவெர்டூரைப் பேச்சுவார்த்தை என்று அழைத்துச் சிறைபிடித்தார்கள். 1803 ஏப்ரலில் பிரான்சின் குளிர்மலைக் கோட்டை ஒன்றில் அவர் இறந்தார். ஆனாலும் போரில் தோற்றது பிரான்ஸ்தான். 1804 ஜனவரி 1ஆம் தேதி டூசானின் தளபதியாக இருந்த டெஸாலின் விடுதலையைப் பிரகடனம் செய்தார்.

நம் பாடப்புத்தகங்கள் ஹைட்டியைப் பேசினால் இத்தோடு நிறுத்திக்கொள்ளும். எனக்கு இதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம்.

1825 ஜூலையில் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸுக்கு மன்னர் பத்தாம் சார்லின் ஆணையோடு தூதர் பரோன் தெ மக்கோ வந்து சேர்ந்தார். அவருக்குத் துணையாக 14 போர்க்கப்பல்கள், 500க்கும் மேற்பட்ட பீரங்கிகள். முன்னாள் தோட்ட முதலாளிகளுக்கு ஐந்து தவணைகளில் 15 கோடி பிராங்கு நஷ்டஈடு தர வேண்டும். பிரெஞ்சுக் கப்பல்களுக்குச் சுங்கத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். அப்படிச் செய்தால் உங்கள் சுதந்திரத்தை ஏற்கிறோம் என்றது ஆணை. முதலாளிகள் இழந்ததாகச் சொன்ன சொத்தில் மனிதர்களும் அடக்கம். காது அறுபட்டவனும் அவன் பிள்ளையும் தங்களுடைய உடம்புக்கே விலை கொடுக்க வேண்டியிருந்தது. ஹைட்டி அதிபர் போயே கையெழுத்திட்டார்.

ஒரு தவணை 3 கோடி பிராங்கு. அன்றைய ஹைட்டி அரசின் ஆண்டு வருமானத்தைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு. முதல் தவணைக்கே பாரிஸ் வங்கிக்காரர்களிடம் கடன் வாங்க வேண்டிய நிலை. பத்திரத்தில் எழுதியது 3 கோடி, கைக்கு வந்தது 2 கோடியே 40 லட்சம். நம் ஊர்க் கந்துவட்டிக்காரர் வட்டியை முதலிலேயே பிடித்துக்கொண்டு மிச்சத்தை நீட்டுவாரே, அதே கதை. பற்றாக்குறையாக நின்ற தொகைக்காகக் கஜானாவைத் துடைத்துப் பாரிஸுக்குக் கப்பலேற்றினார்கள். நஷ்டஈடு ஒரு கடன், அதைக் கட்டுவதற்கு வாங்கியது இன்னொரு கடன். 1838இல் மொத்த நஷ்டஈட்டை 9 கோடியாகக் குறைத்தார்கள் என்றாலும் அதற்குள் நாட்டின் முதுகு ஒடிந்துவிட்டது.

இந்தப் பணம் எங்கிருந்து வந்தது? காபியிலிருந்து. மலைச்சரிவில் துண்டு நிலத்தில் காபி பயிரிட்ட விவசாயி மூட்டையைத் துறைமுகத்துக்கு அனுப்பினால் அதன்மேல் ஏற்றுமதி வரி விழும். அந்த வரிதான் பாரிஸுக்குப் போயிற்று. நஷ்டஈடும் அந்த முதல் கடனுமாக ஹைட்டி கட்டியது சுமார் 11 கோடியே 20 லட்சம் பிராங்கு. பிறகு 1875இல் சி.ஐ.சி. என்ற பாரிஸ் வங்கியிடம் புதுக் கடன். 1880இல் அதே வங்கி ஹைட்டியின் தேசிய வங்கியை ஏற்படுத்தியது. பெயர்தான் தேசிய வங்கி, நிர்வாகம் பாரிஸில். ஹைட்டி அரசு தன் பணத்தைப் போட்டாலும் எடுத்தாலும் அங்கே தரகு கொடுக்க வேண்டும். 1914 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் அந்த வங்கிக்குள் நுழைந்து 5 லட்சம் டாலர் தங்கத்தை நியூயார்க்குக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த ஆண்டு நாட்டையே பிடித்தார்கள். 1934 வரை விடவில்லை. நஷ்டஈட்டிலிருந்து கிளைத்த கடன்களின் கடைசிப் பாக்கி 1947இல்தான் தீர்ந்தது.

பிரான்சை மட்டும் சொல்வானேன்! பிரிட்டன் 1833இல் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டபோது 2 கோடி பவுண்டு நஷ்டஈடு கொடுத்தது, அன்றைய அரசின் ஆண்டுச் செலவில் ஏறத்தாழ 40 சதவீதம். அது முழுக்க எஜமானர்களுக்கு. விடுதலையானவர்களுக்கு ஒரு பென்னி கிடையாது; 'பயிற்சித் தொழிலாளர்' என்ற பெயரில் கரீபியத் தீவுகளில் 1838 வரை பழைய முதலாளிக்கே கூலியில்லாமல் உழைக்க வேண்டும். இதற்காக வாங்கிய கடனை பிரிட்டன் கட்டி முடித்தது 2015இல். நஷ்டஈடு பெற்ற மொரீஷியஸ் முதலாளிகள் 1834 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை இறக்கினார்கள். சென்னையிலிருந்து கப்பலேறிய தமிழர்களும் அதில் உண்டு.

அதே 1833இல் கிழக்கிந்தியக் கம்பெனி வணிகத்தை விட்டு ஒதுங்கியது. அதன் பங்குதாரர்களுக்கு ஆண்டுதோறும் 10.5 சதவீதம் லாப ஈவு தரப்படும் என்று சட்டமே உறுதி கூறியது. கொடுத்தது இந்தியாவின் வரிப்பணம். இங்கே நிலவரி எப்படி வசூலானது என்பதற்குச் சென்னை மாகாணத்தில் 1854இல் அமைந்த சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கையே சாட்சி: கிட்டி போட்டு விரல்களை நசுக்கியது, குனியவைத்துக் கட்டி அண்ணாந்தாள் போட்டது எல்லாம் அதில் பதிவாகியிருக்கின்றன. 1857 கிளர்ச்சியை ஒடுக்கிய செலவையும் இந்தியாவின் கடனில்தான் எழுதினார்கள்.

ஹைட்டியை ஆண்டவர்கள் யோக்கியர்கள் என்று நான் வாதாடவில்லை. நஷ்டஈட்டுக்குக் கையெழுத்திட்ட போயே, மறு ஆண்டே விவசாயிகளைத் தோட்டத்தை விட்டு நகர முடியாதபடி கட்டிப்போடச் சட்டம் கொண்டுவந்தார். 1957 முதல் 1986 வரை ஆண்ட டுவாலியே தந்தையும் மகனும் நாட்டைச் சுரண்டித் தின்றார்கள். ஆனால் உள்ளூர்த் திருடனைக் காட்டி வெளியூர்க் கொள்ளையை ரத்து செய்துவிட முடியாது. பள்ளிக்கூடமும் சாலையும் துறைமுகமும் கட்டியிருக்க வேண்டிய தலைமுறைகளின் பணம் போன இடம் பாரிஸ்.

2003இல் அதிபர் அரிஸ்டீட் இந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்டார், 2,100 கோடி டாலருக்கு மேல். மறு ஆண்டு பிப்ரவரியில் உள்நாட்டுக் கலகத்துக்கு நடுவே அமெரிக்க விமானம் ஒன்று அவரை நாட்டை விட்டு ஏற்றிச் சென்றது. அவர் விலக வேண்டும் என்று பிரான்சும் வற்புறுத்தியது. 2025 ஏப்ரல் 17, பத்தாம் சார்லின் அந்த நஷ்டஈட்டு ஆணை பாரிஸில் பிறந்து சரியாக 200 ஆண்டு நிறைந்த நாளில், இரு நாட்டு வரலாற்றாசிரியர்கள் கொண்ட குழு அமைப்பதாகப் பிரெஞ்சு அதிபர் மக்ரோன் அறிவித்தார். பணத்தைத் தருவதாக ஒரு சொல் இல்லை.

குழு வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் எந்தத் தோட்டத்துக்கு எவ்வளவு, எந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு என்று 1828 முதலே பிரெஞ்சு அரசு தொகுதி தொகுதியாக அச்சிட்டு வைத்திருக்கிறது. புதிதாகக் கண்டுபிடிக்க அதிகம் இல்லை. இன்று ஹைட்டியின் தலைநகரில் பெரும்பகுதி ஆயுதக் கும்பல்களின் பிடியில் இருக்கிறது, பணத்தை யார் கையில் கொடுப்பது என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. மருத்துவமனைக்கும் குடிநீருக்கும் பள்ளிக்கும் நேரடியாகப் போகும் நிதியமாக வைக்கலாம், வேறு வழியும் இருக்கலாம், அதை ஹைட்டி மக்கள் தீர்மானிக்கட்டும். தருகிறோம் என்ற வார்த்தை முதலில் பாரிஸிலிருந்து வர வேண்டும்.