முதலில் மேடைக்கு விதி வையுங்கள்

குடியிருப்பாளர் கூட்டம் இரவு எட்டு மணிக்கு என்று அழைப்பில் போட்டிருந்தது. எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளக் கூடத்தில் எட்டுக்கே நாற்காலிகள் நிறைந்துவிட்டன. பிரமுகர்கள் வந்தது எட்டு ஐம்பதுக்கு. வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, மாலை, படம் எல்லாம் முடிந்து ஒலிவாங்கி எங்கள் பக்கம் திரும்பியபோது மணி பத்து. பின்வரிசையில் மீ கோரெங் பொட்டலம் பிரிக்கும் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது.

முதலில் எழுந்தவர் பத்து நிமிடம் பேசினார். கேள்வி என்று ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குப் பின்னால் நின்றவர் இரண்டாம் மாடி அக்கா. பின்பக்கக் கால்வாய் அடைத்துத் தண்ணீர் ஏறிய நாள்களை ஒன்றன்கீழ் ஒன்றாகத் தேதி போட்டு எழுதி, தாளை நான்காக மடித்து வைத்திருந்தார். இரண்டாவது தேதியைப் படிப்பதற்குள் "சுருக்கமாகச் சொல்லுங்கள் அம்மா, நேரமில்லை" என்றார் தலைவர். நேரத்தைத் தின்றது அந்த அக்காவா?

அடுத்த கூட்டத்துக்கு விதிமுறை வருகிறதாம். ஆளுக்கு மூன்று நிமிடம், முன்கூட்டியே பெயர்ப் பதிவு, கூச்சல் போட்டால் வெளியேற்றம். எனக்கு மறுப்பில்லை, கத்துகிறவன் கூட்டத்தைக் கடத்திக்கொண்டு போவதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த வரைவில் மேடையில் உட்கார்பவர்களுக்கென்று ஒரு வரிகூட இல்லை.

சபைக்கு விதி எழுதுவது நமக்குப் புதிதல்ல. திருநெல்வேலிப் பக்கம் மானூரில் சுமார் கி.பி. 800ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. எதைச் சொன்னாலும் 'இல்லை, இல்லை' என்று முட்டுக்கட்டை போடும் சபையோருக்கு ஐந்து காசு தண்டம் என்கிறது அது. கவனியுங்கள், தண்டம் சபைக்குள் உட்கார்ந்து முடிவெடுப்பவருக்கு. வாசலில் முறையிட வந்தவருக்கு அல்ல.

நம் உள்ளாட்சி மன்றக் கூட்டங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மலேசியாவின் 1976ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி, மன்றம் வேறுவிதமாகத் தீர்மானித்தால் ஒழிய, முழுக் கூட்டத்தில் பொதுமக்களும் பத்திரிகையாளர்களும் உட்காரலாம். குழுக் கூட்டங்களுக்கு அது பொருந்தாது. அங்கே குழுவே மனம் வைத்துக் கதவைத் திறந்தால்தான் உண்டு. விவரமான பேச்சு நடப்பது குழுக்களில்தான் என்பது என் எண்ணம். (கோலாலம்பூர் நண்பர்கள் சிரிக்க வேண்டாம். உங்களுக்குக் கவுன்சிலர்களே கிடையாது.)

பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனில் 1951இல் வாக்குப் போட்டு நகராட்சி உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 1957இல் மாநகரானபோது முதல் மேயராக இருந்தவர் டி. எஸ். ராமநாதன், அவர் பெயரில் சாலையே இருக்கிறது. 1965இல் உள்ளாட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டது. இன்று கவுன்சிலர்களை நியமிப்பது மாநில அரசு. தேர்தலில் கேட்க முடியாத கேள்வியைக் கூட்டத்தில்தானே கேட்க வேண்டும்? அங்கேயும் மூன்று நிமிடம் என்றால், பதில் சொல்ல அவர்களுக்கு எத்தனை நாள் என்பதையும் எழுதுங்கள்.

என்னைக் கேட்டால், நிகழ்ச்சி நிரல் ஒரு வாரம் முன்பே மின்தூக்கி அருகில் ஒட்டப்பட வேண்டும். மேடைப் பேச்சு எல்லாம் சேர்த்துப் பதினைந்து நிமிடம். பிரமுகர் வராவிட்டாலும் எட்டு மணிக்குத் தொடங்க வேண்டும். போன கூட்டத்தில் கேட்டது என்ன ஆயிற்று என்பதை முதலில் வாசிக்க வேண்டும். மாலையை விட்டுவிடலாம்.

நேற்றுச் சந்தையில் அந்த அக்காவைப் பார்த்தேன். தாளில் இன்னும் இரண்டு தேதி ஏறியிருக்கிறது.