மீனுக்குக் கருமாதி

ஞாயித்துக்கிழமை கூட்டத்துல என்ன நடந்துச்சுன்னு நான் தனியாச் சொல்ல வேண்டியதில்லை. வீடியோ உங்க எல்லாக் குரூப்லயும் சுத்திட்டுத்தான் இருக்கு. கடல் சூடாகறதைப் பத்தி நான் பேசிட்டிருக்கறப்ப, மூணாவது நிமிஷத்துல என் கையில இருந்து மைக் போகுதே, அதுவரைக்கும் பொறுமையாப் பார்த்தவங்களுக்கு நன்றிங்க. மீதிப் பேரு அதுக்கப்புறம் வர்ற பதினஞ்சு செகண்டை மட்டும் வெட்டி ஸ்டேட்டஸ் வெச்சிருக்கீங்க. "டீச்சரம்மாவை விட்டா மீனுக்கெல்லாம் கருமாதி பண்ணிட்டுத்தான் நம்மளைச் சோத்துக்கு விடுவாங்க." நல்ல ஜோக்குங்க. வேற யாரையாவது சொல்லியிருந்தா நானும் சிரிச்சிருப்பேன்.

ஜோக்கை விடுங்க. அடுத்து அங்க இருந்த ஒரு பெரியவர் சொன்னதுதான் மூணு நாளாத் தூக்கத்தைக் கெடுக்குது. "கடல் சூடாகறதெல்லாம் நூறு வருசக் கதை. கொஞ்சங் கொஞ்சமா ஆகும். அதுக்குள்ள மனுசன் வழி பண்ணிக்குவான். கொங்கு நாட்டுக்காரனுக்குக் கடலைப் பத்தி என்ன வெசனம்?" அதுக்குக் கைதட்டல் வேற.

கொஞ்சங் கொஞ்சமா ஆகாதுங்க. அதைத்தான் நாலாவது நிமிஷத்துல சொல்ல இருந்தேன். சூடுதான் கொஞ்சங் கொஞ்சமா ஏறும். அதுல இருக்கற உசுரு தாங்கும், தாங்கும், வெளிய ஒண்ணுமே தெரியாது. அப்புறம் ஒரே மூச்சுல கவுந்துடும்.

அலாஸ்காவுக்கு மேக்கால பேரிங் கடல்னு ஒண்ணு. அங்க பனி நண்டு பிடிக்கறது பெரிய பொழப்பு. 2018ல நண்டு ஏகத்துக்கும் இருந்துச்சு. அந்த வருசமும் அடுத்த வருசமும் கடல் வழக்கத்தை விடச் சூடா இருந்துச்சு. 2021ல எண்ணிப் பார்த்தா ஆயிரம் கோடிக்கு மேல நண்டைக் காணோம். ஆயிரம் கோடி! 2022 அக்டோபர்ல அந்த சீசனையே ரத்து பண்ணாங்க, அங்க அது அதுவரைக்கும் நடந்ததே இல்லை. இத்தனைக்கும் அந்தத் தண்ணி நண்டை நேராக் கொல்ற அளவுக்குச் சூடே இல்லீங்க. சூடு ஏறினா நண்டுக்குப் பசி ஏறுது. அடியில இருக்கற குளுந்த தண்ணிப் பரப்பும் சுருங்கிப் போக, அத்தனை நண்டும் இருந்த எடத்துலயே நெருக்கியடிச்சு நின்னிருக்கு. எரை பத்தல. பட்டினியில செத்துருச்சு. நூறு வருசமெல்லாம் ஆகல, மூணே வருசம்.

இது புரியறதுக்குக் கடலுக்கே போக வேண்டாம். எங்க தோட்டத்துக்கு வாங்க. எங்கப்பாரு, அதான் தாத்தா, காலத்துல அறுபதடிக் கிணறு. அப்புறம் எங்கய்யன், அதான் அப்பா, போர் போடற திருச்செங்கோட்டு ரிக் வண்டியைக் கூட்டிட்டு வந்து நானூறு அடி போட்டார், அப்புறம் எழுநூறு, அப்புறம் ஆயிரம். ஒவ்வொரு தடவையும் ரெண்டு இஞ்சுத் தண்ணி வந்துச்சு. ரெண்டு இஞ்சு வந்துட்டே இருந்ததால கீழ என்ன நடக்குதுன்னு யாரும் கேக்கல. 2017ல ஒரு நாள் காலைல மோட்டார் போட்டா பைப்பு காத்தைக் கக்குது. "நேத்து சாயங்காலம் கூட வந்துச்சே கண்ணு"ன்னு அய்யன் அந்தப் பைப்பு வாயில கைய வெச்சுட்டு நின்னது இன்னைக்கும் என் கண்ணுக்குள்ள இருக்கு. அடுத்த வருசம் நல்ல மழை. கெணத்துல தண்ணி ஏறுச்சு. அந்த ஆயிரம் அடி போர் இன்னைக்கு வரைக்கும் திரும்பி வரல.

"போரும் கடலும் ஒண்ணா?"ன்னு கேக்க வருவீங்க. ஒண்ணில்லைங்க. எனக்கும் தெரியும், விலங்கியல்தான் படிச்சேன். ஆனா நேத்து வரைக்கும் வந்துச்சுங்கறது நாளைக்கு வரும்ங்கறதுக்குச் சாட்சி ஆகாது. அது ரெண்டு எடத்துலயும் ஒண்ணுதான்.

இன்னொண்ணு. சூடு மட்டும் தனியா இதைப் பண்ணறதில்லை. பந்தல்ல காலை ஒவ்வொண்ணா உருவிட்டு, கடைசில சாய்ஞ்சதுக்கு ஆடிக் காத்தைக் குத்தம் சொல்ற மாதிரிதான் அது. வடக்குக் கலிஃபோர்னியாக் கரையோரம் கெல்ப்னு பெரிய பாசிக் காடு இருந்துச்சு, தண்ணிக்குள்ள நெசமாவே காடு மாதிரி. அதை மேயறது கடல் முள்ளெலி, உருண்டையா முள்ளு முள்ளா இருக்கற சின்ன கடல் உசுரு. முள்ளெலியைத் தின்னது கடல் நீர்நாய். தோலுக்காக நீர்நாயை அந்தக் காலத்துலயே அடிச்சுத் தீர்த்தாச்சு. ஒரு கால் போச்சு. மிச்சம் இருந்த காவல் ஒரு பெரிய நட்சத்திர மீன். 2013ல சீக்கு வந்து அதுவும் கொத்துக் கொத்தாச் செத்துச்சு. ரெண்டாவது காலும் போச்சு. அப்பவும் காடு நின்னுச்சுங்க! 2014ல வெந்நீர்த் திட்டு ஒண்ணு வந்து ரெண்டு வருசம் நகராம உக்காந்துச்சு. சூட்டுல கெல்ப்புக்குச் சத்து கிடைக்கல, முள்ளெலியைத் தடுக்க ஆளும் இல்லை. தொண்ணூறு சதவீதத்துக்கு மேல காடு காலி. மன்னார் வளைகுடாவுல 2010லயும் 2016லயும் பவளம் வெளுத்ததும் சூட்டுலதான். வழக்கமான கோடைச் சூட்டுக்கு மேல ஒரே ஒரு டிகிரி, சில வாரம் இருந்தாப் போதும், பவளம் தனக்குச் சோறு போடற பாசியையே வெளிய தள்ளிடும். ஒரு டிகிரி என்ன பண்ணிடும்னு மேடையில கேட்டீங்களே, அதுக்குத்தான் சொல்றேன்.

நம்மூர்த் தென்னையும் இதேதான். 2016ல பொள்ளாச்சிப் பக்கம் சுருள் வெள்ளை ஈ வந்தப்ப, வறட்சியில மரம் ஏற்கெனவே சோர்ந்து கெடந்துச்சு. எதனால பட்டுச்சுன்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. எல்லாரும் சொல்றது சரிதான்.

சரி, கடலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? பாலக்காட்டுக் கணவாயில வருதே தென்மேற்குப் பருவக் காத்து, பல்லடத்துலயும் உடுமலையிலயும் காத்தாடி சுத்த வைக்குதே, அதே பருவக் காத்துதான் கேரளாக் கரையில மேல் தண்ணியை ஒதுக்கித் தள்ளி, அடியில இருக்கற சத்துத் தண்ணியை மேல கொண்டு வருது. அதுல நுண்பாசி செழிக்கும், அதைத் தின்னு மத்தி மீன் கொழுக்கும். மேல் தண்ணி ரொம்பச் சூடாகிட்டா மூடி போட்ட மாதிரி ஆயிடும், அடித்தண்ணி ஏறாது. கேரளாவுல 2012ல சுமார் 4 லட்சம் டன் மத்தி பிடிச்சாங்க. 2021ல சுமார் 3,300 டன். கோயமுத்தூர் உக்கடம் மார்க்கெட்டுல கூறு கட்டி வித்த ஏழை மீனுங்க அது. (குமரிக் கரையில மத்தியைச் சாளைம்பாங்க. நமக்குச் சாளைன்னா தோட்டத்து வீடு. எது காலியானாலும் வலி ஒண்ணுதான்னு வெச்சுக்குங்க.)

உடனே "மத்தி திரும்ப வந்துருச்சே"ன்னு ஒருத்தர் இன்பாக்ஸ்ல நியூஸ் கட்டிங் அனுப்பறார். ஆமாங்க, வந்துச்சு. லட்சம் டன்னைத் தாண்டிடுச்சு. சந்தோசம். மத்தி ஒரு வருசத்துக்குள்ள முட்டை போடற மீன், காலம் கூடி வந்தாப் பெருகும். பழைய 4 லட்சம் எங்கன்னு நான் கேக்க மாட்டேன், கேட்டா மறுபடியும் கருமாதி ஜோக் வரும். மேற்கு ஆஸ்திரேலியாவுல 2011ல கடல் சூட்டுல போன கெல்ப் காட்டைச் சொல்லுங்க. தண்ணி பழையபடி குளுந்துச்சு. நூறு கிலோமீட்டர்க் கரையில காடு மட்டும் வரல. தளிர் விட்டா வடக்கால இருந்து வந்த மீன் மேய்ஞ்சுடுது. அதுக்கும் ஒரு கட்டிங் இருந்தா அனுப்புங்க.

"அப்ப என்னதான் பண்ணச் சொல்றே?"ன்னு கேக்கறவங்களுக்கு எங்கிட்ட பதில் இல்லை. நான் பண்ணச் சொல்லவும் வரலீங்க. கொஞ்சங் கொஞ்சமா ஆகும்னு சொல்லாதீங்கன்னு மட்டும் சொல்ல வந்தேன். அதுக்கு அஞ்சு நிமிஷம் கேட்டேன், ரெண்டரை குடுத்தீங்க. எனக்கு முன்னாடி அதே மேடையில ஒருத்தர் மாட்டுப் பொங்கலைப் பத்தி நாப்பது நிமிஷம் பேசினார், யாரும் வாட்ச் பார்க்கல. பொம்பள பேசினா மட்டும் எல்லாருக்கும் பஸ்ஸுக்கு நேரமாகிடுது.

மைக் போனது கூடப் பரவாயில்லைங்க. வீடியோவுல முன் வரிசையில வலது பக்கம் பாருங்க, வெள்ளைத் துண்டு. எங்கய்யன். கருமாதின்னு சொன்னப்ப அவரும் சிரிக்கறார். ஒரம்பரை எல்லாம் சுத்தி உக்காந்திருக்கும்போது வேற என்ன பண்ணுவார்னு அம்மா சொல்லுது. இருக்கலாம். ஆனா எனக்குப் பொக்குன்னு போச்சு.

வீட்டுக்கு வந்து அவர் மோட்டார் சுவிட்சைப் போட்டார். வழக்கம் போல ஓடிப் போய்ப் பைப்பு வாயில கைய வெச்சுப் பார்த்தார். ஒம்பது வருசம் ஆகப் போகுது, இன்னும் தெனமும் அப்படித்தான் பார்க்கறார். நான் ஒண்ணும் கேக்கல.

கமெண்ட்ல வந்து மீன் ஸ்டிக்கர் போடறவங்களை பிளாக் பண்ணுவேன். மாமன் மச்சான்னெல்லாம் பார்க்க மாட்டேன்.