ரங்கூன் அறையில் தண்ணீர் வரவில்லை

தலையிலும் முகத்திலும் சோப்பு நுரையோடு நிற்கும் மனிதனிடம், "இது நூறு வருட வீடு சார்" என்று யாரும் சொல்லக்கூடாது. இதற்கென்று தனியாக ஒரு சட்டம் வேண்டும். ஜாமீன் கிடைக்காத பிரிவாக இருந்தால் இன்னும் நல்லது.

செட்டிநாட்டுப் பழைய வீடுகளை விடுதியாக மாற்றிய இடங்களில் தங்கியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. உங்களுக்கும் முகப்பில் வேட்டி கட்டிய ஒருவர் சந்தனம் கொடுத்திருப்பார். பித்தளைத் தம்ளரில் நன்னாரி சர்பத் வந்திருக்கும். பிறகு அந்த ஒப்பிப்பு ஆரம்பித்திருக்கும். "பர்மா தேக்கு சார். இத்தாலி சலவைக்கல் சார். பெல்ஜியம் கண்ணாடி சார். கீழே ஆத்தங்குடிக் கல் சார், ஒவ்வொன்றும் கையால் செய்தது." நாமும் ஒவ்வொரு தூணையும் அண்ணாந்து பார்த்து, "அடேயப்பா" என்று சொல்லிக்கொண்டே போவோம். வங்காள விரிகுடாவைத் தாண்டித் தேக்கு மரம் கப்பலில் வந்து சேர்ந்துவிட்டது. கொல்லைப்புறத் தொட்டியிலிருந்து என் குளியலறைக்குத் தண்ணீர்தான் வந்து சேரவில்லை.

அறைகளுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். ரங்கூன், மோல்மீன், பினாங்கு, சைகோன். நகரத்தார் கடல் கடந்து வட்டித்தொழில் செய்த ஊர்களாம். எங்களுக்கு ரங்கூன். அத்தைக்குப் பினாங்கு. வீட்டின் நடுவே வானம் பார்த்துத் திறந்திருக்கும் முற்றமான வளவைச் சுற்றி வரிசையாக இருக்கிற அறைகள் இவை. அந்தக் காலத்தில் கல்யாணமான மகன்களுக்கு ஆளுக்கொன்று என்று ஒதுக்கியவை. ஒதுக்கியது பெரும்பாலும் சீர்ச் சாமானையும் பண்ட பாத்திரத்தையும் வைத்துப் பூட்டத்தான். ஆண்கள் திண்ணையிலும் பட்டாலை என்கிற கூடத்திலும் காற்றாடப் படுத்துக்கொண்டார்கள். விவரம் தெரிந்தவர்கள். இப்போது அண்டாவும் குண்டானும் இருந்த அறையில் மனிதனைப் படுக்கவைத்து, அதற்கு ஒரு மாத மளிகைச் செலவை வாடகையாக வாங்குகிறார்கள். வெளியே பார்த்த ஜன்னல் ஒன்றுகூடக் கிடையாது. இருக்கிற ஒரே கதவு வளவைப் பார்த்துத் திறக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று காலை குளிக்கப் போனேன். அறையின் ஒரு மூலையைத் தடுத்துக் கட்டிய குளியலறை. தலைக்குச் சோப்புப் போட்டு முடித்த நேரத்தில் குழாய் ஒரு பெருமூச்சு விட்டது. அவ்வளவுதான். திருகினேன், தட்டினேன், எதிர்ப்பக்கம் திருகினேன். அடியில் வாளி கவிழ்ந்து கிடந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, துண்டைச் சுற்றிக்கொண்டு, தட்டுத் தடுமாறி வந்து அறையிலிருந்த தொலைபேசியை எடுத்தேன்.

"ரங்கூனில் தண்ணீர் வரவில்லை."

"மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது சார்."

"ஓடட்டும். தண்ணீர் எங்கே?"

"வளவில் மழை பெய்கிறது சார். முடிந்ததும் வந்துவிடும்."

அக்னி நட்சத்திரத்தில் மழையா என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டுவிட்டேன். அவ்வளவு வெள்ளந்தி. கதவை ஒரு சாண் திறந்தால் நிஜமாகவே வளவில் மழை பெய்துகொண்டிருந்தது. வளவில் மட்டும். மேலே பளீரென்று வெயில், ஓட்டின் விளிம்பில் இரண்டு பையன்கள், அவர்கள் கையில் என் தண்ணீர். ரப்பர் குழாயின் வாயைக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்து மழை பெய்வித்துக்கொண்டிருந்தார்கள். கீழே ஒரு பெண் பட்டுப்புடவையிலும் ஒரு பையன் பட்டு வேட்டியிலும். திருமணத்துக்கு முந்தைய போட்டோவாம். கேமராக்காரர் ஒருவர், அவருக்கு உதவியாளர்கள், புகை போட ஒரு ஆள், தலைக்கு மேல் வண்டு மாதிரி ரீங்கரிக்கும் டிரோன்.

"கதவு! கதவு! யார் அது கதவைத் திறந்தது?"

கத்தியவர் கேமராக்காரர். நான் அவருடைய காட்சிக்குள் வந்துவிட்டேனாம். நான் ஏதாவது சொல்வதற்குள் உதவியாளர் ஓடிவந்து, "ஐந்தே நிமிடம் சார்" என்று கதவைச் சாத்தி, வெளியே நாதாங்கியைப் போட்டுவிட்டார். பண்டம் வைத்துப் பூட்டுகிற அறைக்கு நாதாங்கி வெளியில்தானே இருக்கும்!

இரண்டாவது முறை தொலைபேசியில் பேசினேன். அப்போதுதான் அந்த வாக்கியம் வந்தது. நூறு வருட வீடு சார், ஒரே மோட்டார்தான் சார், புது இணைப்பு கொடுக்க முடியாது சார், செட்டிநாட்டுக் கிராமங்கள் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன சார். இருக்கின்றன. 2014 முதல் இருக்கின்றன. அதுவும் தற்காலிகப் பட்டியல். அந்தப் பட்டியலில் என் குளியலறைக் குழாயும் இருக்கிறதா? சுண்ணாம்பையும் முட்டை வெள்ளைக்கருவையும் கடுக்காய்ச் சாற்றையும் சேர்த்து இழைத்த சுவரில் குளிர்சாதன இயந்திரத்துக்காகக் கைநுழைகிற ஓட்டை போட்டிருக்கிறீர்களே, அப்போது யுனெஸ்கோ எங்கே போயிருந்தது?

பதில் இல்லை. "வேறு ஏதாவது உதவி வேண்டுமா சார்?"

கதவில் ஒரு சின்ன இடுக்கு. அதன் வழியாக, எரியாத கண்ணால், ஒரு முழுத் தயாரிப்பையும் பார்த்தேன். காட்சி இதுதான்: மழை வருகிறது, பையன் குடையை விரிக்கிறான், பெண் குடைக்குள் ஓடி வருகிறாள். குடை, வீட்டு முகப்பில் காட்சிக்கு வைத்திருந்த பழங்காலக் கருப்புக் குடை. அது விரியவில்லை. "மழையை நிறுத்து!" மறுபடி மழை. குடை விரிந்து, மேல்பக்கம் மடங்கிக்கொண்டது. "நிறுத்து!" மறுபடி மழை. இம்முறை குடை சரி, பெண்ணுக்கு வழுக்கிவிட்டது. தேங்காய் எண்ணெய் போட்டு மெருகேற்றிய ஆத்தங்குடிக் கல்லில் தண்ணீரை ஊற்றி ஓடச் சொன்னால் வழுக்காமல் என்ன செய்யும்? "நிறுத்து!" என் முதுகில் நுரை காய்ந்து இழுக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு முறை மழை நிற்கும்போதும் குழாயிடம் ஓடினேன். குழாய் இரண்டு சொட்டு விடும். வெளியே "மழை!" என்று குரல் கேட்கும். சொட்டு நின்றுவிடும்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த வளவைக் கட்டியதே மழைக்காகத்தான். வற்றாத ஆறு இல்லாத சீமை அது. நான்கு பக்கக் கூரையும் வளவை நோக்கிச் சரியும்படி ஓடு வேய்ந்து, விழுகிற மழையை வீணாக்காமல் பிடித்தார்கள். தெருவுக்கு வடிகால், ஊருக்கு ஊருணி என்று யோசித்து யோசித்துக் கட்டினார்கள். அந்தக் கூரையின் மேல் ஏறி நின்று, மோட்டார் போட்டு, இருக்கிற தண்ணீரைக் கீழே கொட்டுகிறார்கள், குடை விரிக்கிற பத்து நொடிக் காட்சிக்காக.

வளவுக்கு எதிர்ப்புறம் பட்டாலையில் காபி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மணம் இடுக்கு வழியாக வந்தது. 1942இல் ஜப்பானியர் உள்ளே வந்தபோது பர்மாவிலிருந்து இந்தியாவுக்கு நடந்தே வந்தவர்கள் உண்டு. எனக்கு ரங்கூனிலிருந்து காபி வரைக்கும் நடக்க வழியில்லை.

அந்தப் பட்டாலையில் என் மனைவி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து படப்பிடிப்பை ரசித்துக்கொண்டிருந்தாள். தொலைபேசியில் அழைத்தேன். எடுத்து, "இப்போது பேசக்கூடாதாம், ஒலி பதிவாகிவிடுமாம்" என்று கிசுகிசுத்துவிட்டு வைத்துவிட்டாள். போட்டோவுக்கு எதற்கு ஒலிப்பதிவு என்று அந்த நிலையிலும் யோசித்தேன்.

அடுத்து நடந்ததைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. வளவுத் தாழ்வாரத்தில் ஒரு தேக்கு ஊஞ்சல் தொங்குகிறது. அதில் ஒரு பலகை: "பழமையான பொருள். உட்காராதீர்கள்." முந்தின நாள் மாலை என் மகள் அதைத் தொட்டதற்கே வேட்டிக்காரர் ஓடிவந்தார். இப்போது பலகையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஊஞ்சலுக்குப் பூச்சரம் சுற்றினார்கள். "வீட்டு ஆச்சி ஒருவர் உட்கார்ந்து வெற்றிலை மடித்தால் பிரமாதமாக இருக்கும்" என்றார் கேமராக்காரர். சுற்றுமுற்றும் பார்த்தார். அவர் கண்ணில் பட்டது என் மாமியார்.

அத்தைக்குத் திருநெல்வேலி. செட்டிநாட்டோடு அவருக்கிருக்கும் ஒரே தொடர்பு, கடையில் வாங்குகிற கோழி மசாலாப் பொட்டலம். வெற்றிலை போட்டு நான் பார்த்ததே இல்லை. ஒரு மறுப்புக்கூடச் சொல்லவில்லை அவர். முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, ஏதோ அந்த வீட்டிலேயே வாழ்க்கைப்பட்டவர் போல ஊஞ்சலில் ஏறி உட்கார்ந்துவிட்டார். முன்பின் தெரியாத அந்தப் பெண்ணுக்குப் பூ வைத்துவிட்டார், கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார், கண்ணில் நீர்கூட வந்தது. மருமகன் பத்தடி தள்ளிக் கதவுக்குப் பின்னால் உப்புக்கண்டமாகக் காய்ந்துகொண்டிருக்கிறான். அந்தக் கண்ணீரில் ஒரு சொட்டை இந்தப் பக்கம் அனுப்பியிருந்தாலும் முகத்தைக் கழுவியிருப்பேன்.

கடைசியில் கதவைத் திறந்துவிட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? விடுதிக்காரர்களா? காலைச் சிற்றுண்டி நேரம் முடிந்துவிட்டதைச் சொல்ல வந்த சமையலறைப் பையன். வெள்ளைப் பணியாரம் தீர்ந்துவிட்டதாம். ரொட்டியும் ஜாமும் இருக்கிறதாம். செட்டிநாட்டில், ஆச்சிமார்களின் அடுப்படிப் புகழ் உலகமெல்லாம் பரவிக் கிடக்கிற மண்ணில், எனக்கு ரொட்டியும் ஜாமும்.

மேலாளரிடம் போனேன். கத்தினேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "முன்கூட்டியே சொல்லியிருந்தால் இரண்டு வாளி பிடித்து வைத்திருப்போமே சார்" என்றார். பிறகு ஒரு தாளை நீட்டினார். தள்ளுபடியாக்கும் என்று வாங்கிப் பார்த்தேன். அத்தை வீடியோவில் வருவதற்கு ஆட்சேபம் இல்லை என்று குடும்பத்தார் எழுதிக் கொடுக்கும் தாள்.

நியாயம் பேசுகிறவர்கள் உடனே கிளம்பி வருவார்கள், தெரியும். விடுதியாகவாவது இருந்தால்தான் இந்த வீடுகள் பிழைக்கும் என்பார்கள். இல்லாவிட்டால் பங்காளிகள் ஆளுக்கொரு ஊரில் இருக்க, ஓடு மாற்றக்கூட எல்லாருடைய சம்மதமும் கிடைக்காமல் வீடு பூட்டியபடியே இடிந்துபோகும், நிலையும் கதவும் தூணும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் எடைக்கும் விலைக்கும் போகும் என்பார்கள். உண்மைதான். மறுக்கவில்லை. இந்த வீட்டைக் காப்பாற்றுகிறார்கள் என்பதற்காகத்தான் அந்த வாடகையை முணுமுணுக்காமல் கொடுத்தேன். சரி, முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தேன். வீட்டைக் காப்பாற்றுங்கள் ஐயா, நன்றாகக் காப்பாற்றுங்கள். உள்ளே இருக்கிறவனையும் கொஞ்சம் கவனியுங்கள்.

ஊருக்குத் திரும்பும் வழியில் காரில் யாரும் என்னோடு பேசவில்லை. அதாவது, நான் யாரோடும் பேசவில்லை. திருமயம் தாண்டும்போது பின்னிருக்கையிலிருந்து அத்தையின் குரல்: "மாப்பிள்ளை, அந்த வீடியோவை நமக்கும் அனுப்புவார்களா?" மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. எனக்கும் வந்துவிட்டது. வண்டியை ஓரம் கட்டவேண்டியதாயிற்று. வீடியோ வந்தும்விட்டது. அத்தை அபாரமாக நடித்திருக்கிறார். அவருக்குப் பின்னால் மூடியிருக்கும் கதவு ரங்கூன்.

அதை மன்னித்துவிட்டேன் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் எல்லா விடுதி அறைகளிலும் கெட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கிறார்களே ஒரு பால் பவுடர்ப் பொட்டலம், அதை எந்தக் காலத்திலும் மன்னிக்க முடியாது. கிழிக்க வேண்டிய இடத்தில் அம்புக்குறி போட்டிருப்பார்கள், அங்கே மட்டும் கிழியாது. பல்லால் கடித்தால் பாதி வாயில், பாதி படுக்கையில். எஞ்சியதை வெந்நீரில் போட்டால் கட்டி கட்டியாக மிதக்கும். ஒரு தம்ளர் பால் காய்ச்சிக் கொண்டுவந்து வையுங்கள் என்று கேட்டால், அதற்குத் தனிக் கட்டணமாம். பாலுக்கு ஒரு விலை, கொண்டுவருவதற்கு ஒரு விலை, இரண்டுக்கும் சேர்த்து மேலே வரி!