பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ்: பணம் கட்டினால் மட்டும் போதாது

பிரான்ஸில் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் நகரம் வரை போய்த் திரும்பும் நீண்டதூர சைக்கிள் பயணம்தான் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ். 'அது ஒரு ரேஸ், பணம் கட்டினால் யாரும் போகலாம், சென்னை–புதுச்சேரி கடற்கரைச் சாலையான ஈசிஆரில் ஓட்டிப் பழகினால் போதும்' என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். ஆசை நியாயமானது, தகவல்தான் தவறு.

1891-இல் தொடங்கியபோது அது ரேஸ்தான். இன்று பரிசும் கிடையாது, முதலிடமும் கிடையாது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் இதில் சுமார் 1200 கிலோமீட்டரை 90 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். தூங்கும் நேரமும் அதற்குள்தான். கலந்துகொள்ள, அதே ஆண்டில் 200, 300, 400, 600 கிலோமீட்டர் பிரெவேக்களை, அதாவது நேர வரம்புள்ள நீண்டதூர சைக்கிள் பயணங்களை, முடித்திருக்க வேண்டும். 600-க்கு 40 மணி நேரம்தான். அடுத்தது 2027-இல், அதனால் பழகுவதற்கு இப்போதே 200-இல் ஆரம்பியுங்கள்.

அப்புறம், ஈசிஆர். புதுச்சேரி போய்த் திரும்பினால் ஏறக்குறைய 300 வந்துவிடும், தூரத்துக்குப் பழக அருமையான சாலை. ஆனால் ஏற்றமே கிடையாது! அங்கேயோ மொத்த ஏற்றம் 10,000 மீட்டருக்கும் மேல். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் அடிக்கடி ஏறிப் பழகுங்கள். ஆகஸ்ட் மாதம்தான் என்றாலும் இரவில் 10 டிகிரிக்குக் கீழேயும் போகும். சென்னை உடம்புக்கு அது பெரிய சோதனை. முழுக்கை உடையும் கையுறையும் கட்டாயம் எடுத்துப் போங்கள்.