பந்து தீட்டாம்

இரண்டு நாளாக வாயைப் பொத்திக்கொண்டுதான் இருந்தேன். வீட்டிலும் "விடுங்கோப்பா, சொந்தத்துக்குள்ள ஏன் வீண் கதை" என்றார்கள். விட்டிருப்பேன். ஆனால் இன்று காலை அதே கொமெண்டை ஸ்கிரீன்சொட் எடுத்துக் குடும்ப வட்ஸ்அப் குறூப்பிலும் யாரோ போட்டு, அதற்குக் கீழே நாலு பேர் கைகூப்பி வைத்திருக்கிறார்கள். அந்த நாலு கைகூப்பலுக்காகத்தான் இந்தப் பதிவு.

போன கிழமை போட்ட படத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அப்பாவின் ஐந்தாம் ஆண்டுத் திதி. படம், மாலை, குத்துவிளக்கு, தலைவாழையிலை, இலைக்குப் பக்கத்தில் அப்பாவின் உதைபந்து. இவ்வளவுதான் நான் செய்த குற்றம். "திதிப் படையலில் செருப்புத் தோலை வைத்த அறிவாளி" என்று பெரியப்பாவின் மகன், என் அண்ணர், எழுதியிருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன். மரியாதை இருக்கிறது. (இருந்தது.)

அண்ணை, ஒன்று கேட்கிறேன். படையலில் நாங்கள் என்ன வைக்கிறோம்? செத்தவருக்குப் பிடித்ததைத்தானே? பெரியப்பாவின் எட்டுச் செலவுக்கு, அதுதான் எட்டாம் நாள் படையலுக்கு, யாழ்ப்பாணத்துச் சுருட்டுத்தான் வேண்டும் என்று செட்டியார் தெருவிலிருந்து ஆமர் வீதி வரைக்கும் கடை கடையாக ஏறி இறங்கியது யார்? கால் போத்தல் சாராயத்தை இலைக்குப் பக்கத்தில் வைத்து, மூடியைத் திறந்து வைத்தால்தான் அவருக்கு மணக்கும் என்று திறந்தும் வைத்தது யார்? அன்று யாரும் ஸ்கிரீன்சொட் எடுக்கவில்லை. சுருட்டு படைக்கலாம், சாராயம் படைக்கலாம், பந்து வைக்கக்கூடாது. எங்கள் அப்பா சுருட்டுப் பிடித்ததில்லை, குடித்ததும் இல்லை. அவருக்கு இருந்த ஒரே பழக்கம் அந்தப் பந்து. அவருடைய பழக்கத்தைத்தான் வைத்தேன்.

தோல் தீட்டு என்றால் கோயிலில் தவில் அடிக்கும்போது காதைப் பொத்திக்கொண்டா நிற்கிறீர்கள்? மிருதங்கம் என்ன பலாப்பழத் தோலிலா கட்டுகிறார்கள்? இன்னொன்றும் சொல்கிறேன். 1986 உலகக் கிண்ணத்தில் ஆடிய 'அஸ்டெக்கா' பந்தில் தோலே கிடையாது. முழுக்கச் செயற்கைப் பொருளால் செய்த முதல் உலகக் கிண்ணப் பந்து அது. அன்றிலிருந்து பந்துக்குத் தீட்டு கழிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். (அப்பாவின் பந்து அசல் தோல்தான். அது வேறு கதை.)

அந்த வேறு கதையையும் சொல்லிவிடுகிறேன். ஊரிலிருந்து வரும்போது அப்பா கொண்டுவந்த பந்து 83 கலவரத்தில் வீட்டுச் சாமானோடு சேர்ந்து எரிந்துபோனது. அதைப்பற்றி அவர் அதிகம் பேசியதில்லை, நானும் இங்கே பேசவில்லை. இப்போது இருப்பது 86 உலகக் கிண்ணம் முடிந்த கையோடு புறக்கோட்டையில் வாங்கியது. மழையில் ஆடிவிட்டு வந்தால் துணியால் ஒற்றி, நிழலில் காயவைத்து, தேங்காயெண்ணெய் பூசுவார். வெயிலில் வைத்தால் வெடித்துவிடுமாம். காற்று அடிக்கும்போது பம்ப் ஊசியின் நுனியை நாக்கில் தொட்டு ஈரமாக்கித்தான் வால்வுக்குள் விடுவார். "காஞ்ச ஊசியக் குத்தினா ரப்பர் கிழிஞ்சிடும்." திதி அன்று விடிய நானும் அப்படித்தான் செய்தேன். நாக்கில் துருவும் எண்ணெயும் கலந்த ஒரு ருசி. அந்த ருசியை வைத்துக்கொண்டுதான் விளக்கு ஏற்றினேன். தீட்டென்றால் அது தீட்டு, போங்கள்.

அப்பா ஆர்ஜென்டீனா ரசிகர். அதற்குத்தான் அடுத்த கொமெண்ட்: "ஆர்ஜென்டீனா எங்களுக்கு என்ன முறை? மாமனா மச்சானா?"

ஒரு முறையும் இல்லை. 1986 ஜூன் 22, எனக்கு ஏழு வயது. இரவு பதினொன்றரைக்கு அப்பா என்னைப் பாயிலிருந்து தூக்கிக்கொண்டு போனார். எங்களிடம் ரீவி இல்லை, மேல்மாடி நானா வீட்டில்தான் இருந்தது. பதினைந்து பேர் இருக்கிற அறையில் ஒரே கதிரை, அதில் எங்கள் அப்பம்மா. இங்கிலாந்தோடு ஆட்டம். ஆர்ஜென்டீனாவின் மரடோனா எழும்பினார், பந்து உள்ளே போனது, அறை முழுக்கக் கூச்சல். அப்பம்மா மட்டும் அசையாமல், "கையாலயெல்லோ தட்டினவன்" என்றா. ரீவியில் திருப்பிக் காட்டுவதற்கு முதலே சொன்ன மனுசி. மத்தியஸ்தருக்குத் தெரியாதது எங்கள் அப்பம்மாவுக்குத் தெரிந்தது. அப்பா, "சும்மா இரணை, கோல் குடுத்திட்டாங்கள்" என்றார். நாலு நிமிடத்தில் இரண்டாவது கோல். பாதி மைதானத்தை ஓடிக் கடந்து, வந்தவன் போனவனையெல்லாம் வெட்டிவிட்டு அடித்தது. அப்பா என்னைத் தூக்கி எறிந்த வேகத்தில் என் தலை மின்குமிழில் முட்டியது. அப்பம்மா கடைசி வரைக்கும் மரடோனாவை "கள்ளக் கட்டையன்" என்றுதான் சொன்னா. ஆனால் 90 இறுதிப்போட்டியில் ரோமில் தோற்றுப்போய் அவர் அழுதபோது, "பாவம், கட்டையன் அழுறான்" என்று சேலைத் தலைப்பை எடுத்தா. இதுதான் முறை. வேறென்ன முறை வேண்டும் உங்களுக்கு?

"சொந்த நாட்டுக்குக் கைதட்டத் தெரியாதவர்கள்" என்று இன்னொருவர், எனக்குத் தெரியாத ஆள், புகுந்து எழுதியிருக்கிறார். தம்பி, 96 கிரிக்கெட் உலகக் கிண்ணம் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். 95 ஞாபகமிருக்கிறதா? தெற்காசியக் கிண்ண உதைபந்தாட்ட இறுதிப்போட்டி, இங்கே கொழும்பில், இந்தியாவை 1-0 என்று கூடுதல் நேரத்தில் இலங்கை வென்றது. அப்பா என்னைச் சுகததாச அரங்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். யுத்த நிறுத்தம் இருந்த சில மாதங்கள் அவை. கோல் விழுந்ததும் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத சிங்கள ஐயா ஒருவர் அப்பாவைக் கட்டிப்பிடித்தார். கையிலிருந்த கச்சான் சரை முழுக்க அப்பாவின் சேர்ட்டுக்குள் கொட்டியது. நடந்தே கொட்டாஞ்சேனைக்கு வந்தோம். வழியில் பொலிஸ்காரர் மறித்து மெட்ச் என்னாச்சு என்று கேட்டார். "அபி தினுவா" என்றார் அப்பா. நாங்கள் வென்றுவிட்டோமாம். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஐடென்டிட்டி கார்ட்டைக் கேட்டார்.

எந்த நாடு என்று எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். 2023இல் ஃபிஃபா இலங்கையை ஜனவரியிலிருந்து ஓகஸ்ட் வரைக்கும் தடைசெய்து வைத்திருந்தபோது கவலைப்பட்டவர்களை ஒரு முச்சக்கரவண்டியில் ஏற்றியிருக்கலாம். அதில் முன்சீட்டுக்கு அப்பா இருந்திருப்பார், அவர்தான் இல்லையே.

"லைக் வாங்கப் போட்டது" என்பதற்கு என்ன சொல்ல? லைக்கைப் பார்த்தேன்தான். இரவு இரண்டு தரம் எழும்பியும் பார்த்தேன். அப்பாவை இத்தனை பேருக்குத் தெரிந்திருக்கிறதே என்று ஒரு சந்தோசம், அவ்வளவுதான். மனுசன்தானே.

ஆனால் ஒரு கொமெண்ட் மட்டும் உண்மையிலேயே சுட்டது. "உயிரோடிருக்கும்போது பார்க்காமல் செத்தபிறகு பந்து வைக்கிறார்கள்." இதை எழுதியவர் பொதுவாகத்தான் எழுதியிருப்பார். எனக்குப் பொதுவாகப் படவில்லை.

2018 ஜூன் 30, சனிக்கிழமை. பிரான்ஸோடு ஆட்டம், எங்கள் நேரம் ஏழரை. நான் கலியாணம் முடித்து வெள்ளவத்தைக்கு வந்து கனகாலம். அப்பா பின்னேரமே போன் எடுத்தார். "வாறியே? அம்மா றோல்ஸ் சுடுறா." எனக்கு ஒரு ரிசெப்ஷன். ஒபிஸ் ஆள், போகாவிட்டால் குறை. "ஏலாதப்பா, கலியாண வீடு." "சரி சரி, போட்டு வா." மண்டபத்தில் புரியாணிக்கு வரிசையில் நின்றுகொண்டு போனில் ஸ்கோர் பார்த்தேன். 4-3. பத்து மணிக்கு அவரே எடுத்தார். "மூண்டு அடிச்சும் தோத்துப்போட்டம்." அவ்வளவுதான் பேச்சு. அது அவர் பார்த்த கடைசி உலகக் கிண்ண ஆர்ஜென்டீனா ஆட்டம். மாப்பிள்ளையின் பெயர் இப்போது எனக்கு ஞாபகமில்லை.

2020 ஒக்டோபர் கடைசியில் கொரோனாவால் கொட்டாஞ்சேனைப் பக்கத்தை மூடினார்கள். நவம்பர் 25 மரடோனா செத்த செய்தி வந்தபோதும் எனக்கு அந்தப் பக்கம் போய்வர வழியில்லை. போன் எடுத்தேன். "அறுபதுதானே" என்றார். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு 'புஸ், புஸ்' என்று சத்தம். என்னப்பா என்றேன். "பந்துக்குக் காத்து அடிக்கிறன்" என்றார். எழுபது தாண்டிய மனுசன், வீட்டு வாசலைத் தாண்ட ஏலாத நேரத்தில், இரவு பதினொரு மணிக்கு. அடுத்த பெப்ரவரியில் அவரும் போய்விட்டார். நெஞ்சுவலி. கொரோனா இல்லை. இருந்தும் பிசிஆர் முடிவு வரும்வரை உடலைத் தர மாட்டோம் என்றார்கள், இரண்டு நாள் ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். செத்தவீட்டுக்கு இத்தனை பேர்தான் என்று கட்டுப்பாடு. அண்ணை, நீங்கள் வரவில்லை. குறை சொல்லவில்லை, கட்டுப்பாடுதானே. அடுத்த மாதம் உங்கள் மச்சாள் வீட்டுப் பூப்புனித நீராட்டு விழாப் படத்தில் உங்களைக் கண்டேன், அங்கேயும் கட்டுப்பாடு இருந்திருக்கும். சரி, அதை விடுவம்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம். ஐந்தே ஐந்து மாதம். 2021 ஜூலை, விடிய ஐந்தரைக்கு மரக்கானாவில் கோப்பா அமெரிக்கா இறுதிப்போட்டி. டி மரியா ஒரே ஒரு கோல், பிரேசிலைப் பிரேசிலிலேயே வைத்து வென்றார்கள். தேசிய அணியோடு மெஸ்ஸிக்குக் கிடைத்த முதல் பெரிய கிண்ணம். "இவன் ஒண்டு தூக்கிறதப் பாத்திட்டுத்தான் போவன்" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பார். அடுத்த வருடம் டிசம்பர் 18, உலகக் கிண்ணமே வந்தது. 3-3, பிறகு பெனால்டி 4-2. மொன்டியேல் கடைசிப் பெனால்டியை அடித்ததும் கை தன்பாட்டில் போனை எடுத்து 'அப்பா' என்ற நம்பரை அமத்திவிட்டது. அந்தச் சிம் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. ஒரு பெண் "ஹலோ" என்றா. ரோங் நம்பர் என்று வைத்துவிட்டேன்.

இதையெல்லாம் நான் ஏன் உங்களுக்குச் சொல்ல வேண்டும்? ஒரு பந்தை வைத்ததற்கு இவ்வளவு விளக்கம் எழுத வேண்டியிருக்கிறது. அவர் என்ன வேலை பார்த்தார், எந்த ஊர், யாருக்கு மைத்துனர் என்பதெல்லாம் கல்வெட்டில், அந்த நினைவுப் புத்தகத்தில், அச்சடித்தாயிற்று. அதில் பந்து பற்றி ஒரு வரியாவது போடுவோம் என்று 2021இலேயே கேட்டேன். "அது மரியாதையில்லை" என்று வெட்டியதும் உங்கள் பேனைதான் அண்ணை. அதனால்தான் ஐந்து வருடம் கழித்துப் பந்தையே கொண்டுவந்து வைத்தேன்.

பெரியப்பாவின் கல்வெட்டையும் நேற்றிரவு எடுத்துப் பார்த்தேன். பதினாறு பக்கம். அவர் கோல் காப்பவர் என்று ஓரிடத்திலும் இல்லை. உங்களுக்கே தெரியுமோ தெரியாது. அவருடைய வலது கைச் சின்னி விரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்ததே, ஒபிஸ் கதவில் நசுங்கியது என்றுதானே உங்களுக்குச் சொல்லியிருந்தது?

கதவு இல்லை. காலிமுகத்திடல், 87ஆம் ஆண்டு, ஒரு ஞாயிறு பின்னேரம். அப்பா அடித்த பெனால்டி. பெரியப்பா பாய்ந்து பிடித்துவிட்டார். பிடித்த பந்தை விடவும் இல்லை, விரல் மட்டும் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது. அப்பா ஓடிப்போய் ஐஸ்பழம் வாங்கிவந்து விரலில் கட்டினார். சிவப்பு ஐஸ்பழம், அது உருகி வழிய நான் இரத்தமென்று அழுதேன். பெரியம்மாவிடம் கதவென்று சொல்லச் சொன்னதும் அப்பாதான். பந்து, நீங்கள் படத்தில் பார்த்த அதே பந்து. கோல் கம்பத்துக்கு வைத்திருந்தது அவர்கள் இரண்டு பேருடைய செருப்பு.